பெனாசிர் கைராசி

சத்தியம். சூடத்தைக் கொளுத்திக் கொண்டுவாருங்கள், உள்ளங்கையால் அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூட நான் கட்டியதில்லை. தாமிரபரணியில் முதலை கொட்டாவி விட்டதை நான் பார்த்த கதையில் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. அது கொட்டாவி இல்லை, வெறும் தும்மல். இது அந்தச் சங்கதி இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாடி ஹாலில் வேலை பார்ப்பவர்களுக்கெல்லாம் ஒரு வகுப்பு. அந்த வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது பின்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கோமதிநாயகம் என்பவருடைய மண்டைக்குள் நடந்தது இது. வெளியே பார்த்தால் மின்விசிறி சுற்றியது, அவ்வளவுதான். அடுத்த ஆள் மண்டைக்குள் ஓடியது உமக்கு எப்படி ஓய் தெரியும் என்று கேட்பீர்கள். தெரியும். கடைசியில் சொல்கிறேன். லேப் பெயரை மட்டும் கேட்காதீர்கள், எனக்கும் சர்க்கரை பார்க்க அங்கேதான் போகவேண்டியிருக்கிறது.

சுவரில் வெள்ளைத் துணி. துணியில் பெரிய எழுத்தில் 'தகவல் பாதுகாப்பும் தொழில் நேர்மையும்'. பக்கத்தில் ஒரு பூட்டுப் படம். இது திண்டுக்கல் பூட்டு மாதிரி இல்லையே என்று கோமதிநாயகம் நினைத்தார். பூட்டு எந்த ஊராக இருந்தால் இப்போது என்ன என்று தன்னையே கடிந்துகொண்டார். கடிந்துகொண்ட கையோடு அந்தச் 'சரிங்க டாக்டர்' மறுபடி வந்து தொண்டையில் நின்றது. வகுப்பு தொடங்கும் முன் படிக்கட்டில் வைத்து அவர் சொன்ன சொல் அது. லேப்புக்குச் சொந்தக்காரி டாக்டர் ஞானசௌந்தரி இரண்டு படி மேலே நின்று குனிந்து, குரலைத் தாழ்த்தி, "கோமதிநாயகம், அந்தக் கல்யாண விஷயம். பையனோட ரிப்போர்ட்டைத் தொறந்து பாத்தது யாருன்னு கம்ப்யூட்டர்காரங்க கண்டுபிடிச்சிட்டாங்க. பெனாசிர். என்னால நம்ப முடியல, ஆனா அவ பேர்லதான் தொறந்திருக்கு. கிளாஸ் முடியட்டும், எல்லார் முன்னாலயும் வேண்டாம். அப்புறம் அவள என் ரூமுக்கு அனுப்பி வைங்க, இன்னையோட நிறுத்திரலாம். நீங்க சீனியர்ங்கறதால உங்ககிட்ட மட்டும் சொல்றேன், வெளிய போகக் கூடாது" என்றார். வெளியே போகக் கூடாது. அதைப் போய் அவரிடம். அப்போது அவர் வாயைத் திறந்திருக்கலாம். 'டாக்டர், ஒரு நிமிஷம்' என்று சொல்லியிருக்கலாம். இருமியாவது இருக்கலாம். இருமினால் 'என்ன?' என்று கேட்டிருப்பார், கேட்டால் சொல்லியிருக்கலாம். இருமவில்லை. ஸ்பிரிட் வாசம் அடித்தது, கீழே ஒரு ஆட்டோ ரிவர்ஸ் எடுக்கும் பாட்டு கேட்டது, அவர் வாய் 'சரிங்க டாக்டர்' என்றது. அவர் சொன்னாரா, வாய் சொன்னதா? எத்தனையோ வருஷமாகக் கவுண்டரில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பழகின வாய். ரத்தம் கொடுத்துவிட்டு மயங்கி விழுந்தவர் 'நான் செத்துட்டேனா?' என்று கேட்டதற்கே 'சரிங்க, சாயங்காலம் ரிப்போர்ட் வாங்கிக்கிடுங்க' என்று சொன்ன வாய். இரண்டு வரிசை முன்னால் பெனாசிர் உட்கார்ந்திருந்தாள். நீல நிற முக்காடு. கழுத்தைத் திருப்பி, உளுந்தவடைத் தட்டைப் பின்னால் நீட்டி, "அண்ணாச்சி, சூடா இருக்கு, ஒண்ணு எடுங்க" என்றாள். எடுத்தார். எடுத்துவிட்டார், பாருங்கள். அந்த வடை இப்போது கைக்குட்டையில் எண்ணெயைக் கக்கிக்கொண்டு மடியில் இருந்தது. தின்னவும் முடியவில்லை, கீழே வைக்கவும் இடம் இல்லை.

கைராசி என்று ஆரம்பித்து வைத்தது யார்? ஏசுவடியான்தான். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிற ஏசுவடியான், வாய்க்குப் பூட்டில்லாதவன், இப்போதும் முதல் வரிசையில் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறான். நாலைந்து வருஷத்துக்கு முன், பெனாசிர் வேலைக்குச் சேர்ந்த புதுசில், ஒருநாள் காலையில் அவள் முதலில் வந்து தன் பெயரைப் போட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். அன்றைக்கென்று பார்த்து வாசல் வரைக்கும் கூட்டம். மறுநாள் கோமதிநாயகம் தன் பெயரில் திறந்தார். வந்தது இரண்டே உருப்படி, அதில் ஒருவர் தபாலாபீசுக்கு வழி கேட்டவர், இன்னொன்று ஆடு. "அண்ணாச்சி, ஒம்ம பேருல தொறந்தா ஊருல ஒருத்தனுக்கும் சீக்கு வராது போல. பிழைப்பு நாறிப்போவும். அந்தப் பிள்ள பேருலயே தொறயும்" என்றான் ஏசுவடியான். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அதற்கு அடுத்த நாள் அவள் பெயரில் திறந்தார்கள். கூட்டம். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. யார் முதலில் வந்தாலும் விளக்கேற்றி, ஊதுவத்தி காட்டி, பெனாசிர் பெயரைப் போட்டு, பெனாசிர் பாஸ்வேர்டைப் போட்டுத் திறப்பது. சாயங்காலம் வரைக்கும் அத்தனை பேரும் அந்த ஒரே பெயருக்குள் இருந்து வேலை பார்ப்பது. பாஸ்வேர்ட் அவளுடைய பூனையின் பெயர். வெண்ணிலா. அந்தப் பூனையை லேப்பில் யாரும் கண்ணால் பார்த்தது கிடையாது, ஆனால் அது செத்துப்போன அன்றைக்கு லேப்பே கூடித் துக்கம் விசாரித்தது. பாஸ்வேர்டை மாற்றிவிடுவாளோ என்கிற பயம். அவள் மாற்றவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க எல்லாரும் தெனமும் ஒரு தடவ அவ பேர அடிப்பீயள்லா, இருக்கட்டும்" என்றாள். இருக்கட்டும் என்றாளே. அந்த 'இருக்கட்டும்' மேல் ஏறி நின்றுகொண்டுதானே அவர் அந்தப் பையனின் ரிப்போர்ட்டைத் திறந்தார். டாக்டருக்கு இது ஒன்றும் தெரியாது. டாக்டருக்கு ஒன்பதரைக்குமேல் வரும் உலகம்தான் தெரியும், அதற்கு முன்னால் ஊதுவத்தி அணைந்துவிடும்.

"உங்க பெயரும் பாஸ்வேர்டும் உங்க கையெழுத்து மாதிரி. கையெழுத்தை யாராவது கடன் கொடுப்பாங்களா?" என்று கேட்டான் வகுப்பெடுக்க வந்த பையன். நிரஞ்சன் என்று பெயர், கோயம்புத்தூர்க்காரன், சட்டைக் கையை முழங்கை வரை மடித்திருந்தான். நல்ல பையனாகத்தான் தெரிந்தான், அதனாலேயே கோமதிநாயகத்துக்கு அவனைப் பிடிக்கவில்லை. அந்தக் கல்யாணப் பையன் உலகநாதனும் இந்த வயதுதான் இருப்பான். ரிப்போர்ட்டில் இருபத்தெட்டு என்று போட்டிருந்தது. வேண்டாம், அங்கே போகாதே என்று சொன்னால் மனசு அங்கேதான் போகிறது, ஈரக்காலோடு வீட்டுக்குள் வராதே என்று சொன்ன பிள்ளை மாதிரி. சகலை சண்முகவேல்தான் கோவில்பட்டியிலிருந்து போன் போட்டார், பெண்டாட்டியின் அக்காள் புருஷன். "சகல, நம்ம பூரணிக்கு ஒரு எடம் திகைஞ்சிருக்கு. பையன் உலகநாதன்னு பேரு, ஒங்க ஊருதான். புதுசா வேலைக்குச் சேரதுக்கு ரத்தம் சோதிக்கச் சொல்லியிருக்காவளாம், ஒங்க லேப்லதான் குடுத்திருக்கானாம். ஒரு எட்டுப் பாத்துச் சொல்லும். வேற ஒண்ணுமில்ல, பொம்பளப் பிள்ள விஷயம்லா." சகலை மகள் பூரணியைச் சின்னதில் தோளில் தூக்கி நெல்லையப்பர் தேர் பார்க்க வைத்தவர் அவர். அந்தப் பிள்ளை அவர் காதைப் பிடித்துக்கொண்டு, 'சித்தப்பா, தேர் நம்மளப் பாக்கு' என்றது. அந்தக் காதில்தான் போன் இருந்தது. அவர் என்ன அந்நியனுக்கா சொன்னார்? காசு வாங்கினாரா? பகையா? ஒன்றும் இல்லை. பெனாசிர் சாப்பிடப் போயிருந்தாள். நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. உலகநாதன் என்று தட்டினார். வந்தது. வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை, சிவப்பில், பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. அந்த அம்புக்குறியைத்தான் பார்த்தார். அது அவர் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி இருந்தது. "சகல, கொஞ்சம் சீனி இருக்கும் போல. நான் சொன்னேன்னு சொல்லிராதீய, எம் பேரு வெளிய வரப்படாது." "சே சே, நான் சொல்லுவனா?" சொன்னார். பையன் வீட்டாரிடம், மூன்றாம் மனுஷர் ஒருவரை நடுவில் வைத்து, ஆனால் நன்றாகவே சொன்னார்: 'பையனுக்குச் சீனியாம்லா, லேப்லயே சொல்லிட்டாவ.'

இதில், அந்தப் பையனுக்குச் சர்க்கரையே கிடையாது. அதுதான். அதுதான் ராத்திரியும் பகலும் பல்லில் மாட்டிய நார் மாதிரி. வெறும் வயிற்றில் வா என்று சொன்னால் அந்தப் பயல் வருகிற வழியில் சைக்கிள்காரனிடம் பதநீர் குடித்துவிட்டு வந்திருக்கிறான். தண்ணீர்தானே என்று நினைத்துக் குடித்தானாம். நாக்கை நீட்டுங்கள் என்று அவனிடம் யார் கேட்கப் போகிறார்கள், ஊசியைத்தானே நீட்டுவார்கள். டாக்டர் ஞானசௌந்தரி ரிப்போர்ட்டைப் பார்த்ததும் சந்தேகப்பட்டு, மறுநாள் மறுபடி வரச் சொல்லி எடுத்தார். சுத்தமாக இருந்தது, பச்சைப் பிள்ளை ரத்தம் மாதிரி. அந்த இரண்டாவது ரிப்போர்ட்டைக் கோமதிநாயகமே உறையில் போட்டு ஒட்டினார். அதற்குள் கோவில்பட்டியில் பூ வைக்கப் பார்த்திருந்த நாளை அழித்தாயிற்று. உடனே போன் போட்டார், பொய் இல்லை, உடனே போட்டார். சகலை, "இப்ப இல்லைன்னு சொல்லுதீரு, அப்ப இருக்குன்னு சொன்னீரு. எதை நம்ப? ரெண்டாவதா எடுத்ததைக் காசு குடுத்து மாத்திருக்க மாட்டாவன்னு என்ன நிச்சயம்?" என்றார். வாயிலிருந்து போன முதல் சொல்லுக்கு இருந்த கால், பின்னால் அனுப்பிய சொல்லுக்கு இல்லை. அப்புறம் உலகநாதனின் அம்மா வந்தாள். கவுண்டருக்கு நேராக வந்தாள், அவருக்கு நேராக. கத்தியிருந்தால் தேவலை. கையில் மஞ்சள் பை, அதை மேஜைமேல் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து மெள்ளக் கேட்டாள்: "ஏன் தம்பி, ஒங்கள நம்பித்தான எம் புள்ள கையை நீட்டுனான்?" தம்பி என்றாள். அவர்தான் என்று தெரிந்து கேட்கவில்லை. கண்ணில் பட்ட முதல் ஆள் அவர், அதனால் கேட்டாள். அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'சரிங்கம்மா, டாக்டர் வந்ததும் சொல்லுதேன்.' சரிங்கம்மா! பெனாசிர்தான் ஓடிவந்து நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், "அம்மா, யாரு செஞ்சிருந்தாலும் அது பாவம்மா" என்றாள். பாவம் என்று அவள் சொன்னபோது கோமதிநாயகம் மேஜைக்கு அடியில் இல்லாத பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இங்கே யாராவது பாஸ்வேர்டை இன்னொருத்தருக்குச் சொல்லியிருக்கீங்களா? கையைத் தூக்குங்க, இது தண்டனைக்காக இல்லை" என்றான் நிரஞ்சன். ஒரு கைகூட எழவில்லை. பெனாசிர் மட்டும் சிரித்தபடி இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள், கையைப் பாதி தூக்கினாள், "ஏ பிள்ள, கைய எறக்கு, வடை கேக்கன்னு நினைச்சிருவாரு" என்றான் ஏசுவடியான், எல்லாரும் சிரிக்க அவள் கையை இறக்கினாள். அவள் இறக்கியதைப் பார்த்து ஒரு ஆறுதல் வந்தது. அந்த ஆறுதல் வந்ததைப் பார்த்ததும் கோமதிநாயகம் தலையைக் குனிந்து மடியில் இருந்த வடையைப் பார்த்தார். எந்த மாதிரி ஆள் நான்? என்ன செய்துவிடுவார்கள் அவளை, வேலைதானே போகும், சின்ன வயசு, வேறு லேப்பில்... வேறு லேப்பா? இந்த ஊர் லேப்காரர்கள் எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். காலையில் ஒரு சொல் போட்டால் மத்தியானத்துக்குள் சங்கரன்கோவில் வரைக்கும் தெரிந்துவிடும், 'வெளிய சொல்ற பொண்ணு' என்று. அப்புறம் இந்த ஜில்லாவில் ஒருத்தரும் அவளிடம் ஊசியைக் கொடுக்க மாட்டார்கள். நரம்பு கிடைக்காத கிழவிகளுக்குக்கூட ஒரே குத்தில் எடுக்கிற கை. அழுகிற குழந்தைகளிடம் பூனைக் கதை சொல்லி, கதையில் பூனை பால் குடிக்கும்போது ஊசியைப் போட்டு, பூனை வாயைத் துடைக்கும்போது ஊசியை எடுத்துவிடுகிற பெண். அவளுக்கு உண்மையிலேயே கைராசிதான், நாம்தான் அந்த ராசியைக் கையில் விட்டுவிட்டுப் பெயரில் தேடினோம். சரி, நான் சொன்னால்? சொன்னால் என் வேலை. இந்த வயதில் எந்தக் கவுண்டரில் என்னை உட்காரவைப்பார்கள்? வீட்டில் செண்பகம் என்ன சொல்வாள்? அவள் அக்காள் மகளுக்காகச் செய்தது. ஆனால் 'நானா செய்யச் சொன்னேன்?' என்பாள். சரியாகத்தான் சொல்வாள். அவள் செய்யச் சொல்லவில்லை. பூரணி செய்யச் சொல்லவில்லை. பூரணிக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்ததாம், அதை யாரும் கேட்கவில்லை. எல்லாருடைய நல்லதுக்கும் ஒரு ஆள் ஒரு நிமிஷம் குனிந்து பார்த்தான், அவ்வளவுதான், அந்த ஒரு நிமிஷத்தில் இத்தனை பேர் அடங்குவார்களா? இப்போது எழுந்து, 'தலை சுத்துது' என்று வீட்டுக்குப் போய்விட்டால் என்ன? அனுப்பி வைக்கிற வேலை வேறு யாருக்காவது போகும். ஆனால் டாக்டர் சொன்னது அவரிடம். அனுப்பி வைங்க. 'பெனாசிர், ஒன்ன டாக்டர் கூப்பிடுதாங்கம்மா.' அதை எந்தக் குரலில் சொல்வது? அவள் 'இதோ போறேன் அண்ணாச்சி' என்று குதித்துக்கொண்டு படியிறங்குவாளே, அந்தச் செருப்புச் சத்தத்தை எந்தக் காதில் வாங்குவது? பூரணி பிடித்த காதிலா?

"சரி, இப்போ ஒரு சின்னப் பயிற்சி" என்றான் நிரஞ்சன். துணியில் பூட்டுப் படம் போய், லேப் கம்ப்யூட்டரின் முதல் பக்கமே வந்து நின்றது, பெயருக்கு ஒரு கட்டம், பாஸ்வேர்டுக்கு ஒரு கட்டம், இரண்டும் ஜன்னல் அளவுக்கு. "ஒவ்வொருத்தரா வந்து உங்க பழைய பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போயி, புதுசா மாத்திட்டு வரணும். மத்தவங்க கீபோர்டைப் பாக்காதீங்க. யார் சீனியர்? சார், நீங்க வாங்க." அந்த நேரம்தான் டாக்டர் ஞானசௌந்தரி கதவைத் திறந்துகொண்டு வந்து சுவரோரமாக நின்றார். கோமதிநாயகம் எழுந்தார். வடையை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நடந்தார். நாற்காலிகளுக்கு நடுவில் அந்தத் தூரம், பாளை மார்க்கெட்டிலிருந்து வண்ணார்பேட்டைக்கு வெயிலில் நடக்கிற தூரம். என் பாஸ்வேர்ட் என்ன? இருந்தது. ஒன்று இருந்தது. ஆடு வந்த அன்றைக்குப் போட்டது. செண்பகம் பிறந்த வருஷமா, பழைய ஸ்கூட்டர் நம்பரா? என் பெயருக்குள் நான் போயே எத்தனை வருஷமாயிற்று. கம்ப்யூட்டர் முன்னால் நின்றார். புரொஜெக்டர் வெளிச்சம் கண்ணில் அடித்தது. ஏசுவடியான் காலாட்டுவதை நிறுத்திவிட்டான், அது காதிலேயே தெரிந்தது. கையை வைத்தார். விரல் போயிற்று. தினமும் ஊதுவத்தி வாசத்தில் போகிற வழியிலேயே போயிற்று, வீட்டுக்குத் திரும்புகிற மாடு மாதிரி, நிறுத்தவேண்டும் என்று அவர் நினைத்தாரா, நினைக்கவில்லையா, அது எனக்கும் தெரியாது, அவரிடமே கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. பெயர் விழுந்தது. வெண்ணிலா புள்ளி புள்ளியாக விழுந்தது. கதவு திறந்தது. துணி முழுக்க, அவர் தலைக்கு மேலே, அவர் வழுக்கையில், வெள்ளைச் சட்டையில், வடை எண்ணெய் ஊறிய சட்டைப்பையின் மேல், ஒவ்வொரு எழுத்தும் கையகலம்: 'வெல்கம், பெனாசிர்'.

"கோமதிநாயகம்," என்றார் டாக்டர், "அது பெனாசிர் பேராச்சே." பிறகு ஏசுவடியான்தான், வழக்கமாக இருக்கிற குரலில் பாதிகூட இல்லாமல், "டாக்டர், அது வந்து, ராசிக்காவ... எல்லாரும் அந்தப் பிள்ள பேருலதான் தொறப்போம். நானுந்தான்" என்றான். "எல்லாருமா?" ஒவ்வொரு தலையாகக் குனிந்தது. டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அப்படீன்னா அன்னைக்கு அந்தப் பையன் ரிப்போர்ட்டைப் பாத்தது யாருன்னு கண்டுபிடிக்கவே முடியாதா?" பாருங்கள், அந்த இடத்தில்தான் தப்பிக்க ஒரு வாசல் திறந்தது. கோமதிநாயகத்துக்கு நன்றாகத் தெரிந்தது, காற்றே வந்தது. எல்லாருமென்றால் யாருமில்லை. பெனாசிரும் தப்பினாள், அவரும் தப்பினார். ஒன்றும் செய்யவேண்டாம், போய் உட்கார்ந்துவிட்டால் போதும். அப்புறம் நாளைக்குக் கவுண்டர், நாளைக்கு ஊதுவத்தி, நாளைக்கு ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கும்போது இவனா, இவளா, ஏசுவடியானா என்று எல்லாரும் எல்லாரையும். மஞ்சள் பைக்காரி மறுபடி வந்தால் அவள் கேள்வியை வாங்கிக்கொள்ள ஆளே இல்லாமல் அது மேஜைமேல் கிடக்கும், பை மாதிரி. ஏன் தம்பி. வாய் தன்பாட்டில் பழக்கமான அந்தச் 'சரிங்க'வை எடுத்துக்கொண்டு வந்தது. அவர் அதை முழுங்கினார். முழுங்கினதில் இருமல் வந்துவிட்டது, படிக்கட்டில் வராத இருமல், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. இருமி முடித்து, "கண்டுபிடிக்கலாம் டாக்டர்" என்றார். "நாந்தான் பாத்தேன். என் சகலைக்குச் சொன்னேன்." எழுத்து இன்னும் அவர்மேல் விழுந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கிறவர் மாதிரி சட்டையை ஒருமுறை தடவினார்.

டாக்டர் சத்தம் போடவில்லை. "கீழ வாங்க" என்றார், அவ்வளவுதான். வேலை போயிற்று. அதோடு, உலகநாதன் வீட்டு வாசல்படியில் போய் நின்று தன் வாயால் சொல்லிவிட்டு வரவேண்டும் என்றார் டாக்டர். போய்ச் சொன்னார். அந்த அம்மா கதவைச் சாத்தவும் இல்லை, உள்ளே கூப்பிடவும் இல்லை. கல்யாணம் முறிந்தது முறிந்ததுதான். மறுநாளிலிருந்து லேப்பில் அவரவர் பெயரில் திறக்கிறார்கள். கூட்டம் குறையவில்லை, ஏசுவடியான் பெயரில் திறந்த அன்றைக்கு ஆட்டையே ஒருவர் சோதிக்கக் கொண்டுவந்தார் என்று கேள்வி. ஆனால் கோமதிநாயகத்துக்கு இதெல்லாம் பெரிதில்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தபோது பெனாசிர் அங்கே நின்றாள். நன்றி சொல்வாள் என்று ஒரு மூலையில் நினைத்தார், பாவி மனசு. அவள் அழவும் இல்லை. "அண்ணாச்சி, என்னைய வேலைய விட்டு அனுப்பப் போறாங்கன்னு கிளாசுக்கு முன்னமே ஒங்களுக்குத் தெரியுமாமே. டாக்டரம்மா சொன்னாங்க" என்றாள். "தெரியும்மா." அவள் அவர் சட்டைப்பையைப் பார்த்தாள், எண்ணெய்க் கறை பெரிதாகிவிட்டிருந்தது. "தெரிஞ்சிட்டேதான் எங்கிட்ட வடை வாங்குனீயளா?" அதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தார். நிஜமாகவே திறந்தார். பழக்கமான சொல்கூட வரவில்லை.

இவ்வளவும் அவரே என்னிடம் சொன்னதுதான். லேப்புக்கு எதிர் டீக்கடையில், நான் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "ஒம்மட்ட மட்டும் சொல்லுதேன் வே, வேற யாருகிட்டயும் சொல்லிராதியும்" என்றார். நான் சொல்லுவனா? இதுவரைக்கும் ஒரு ஈ எறும்பிடம் சொன்னதில்லை. நீங்கள் என்பதால் சொன்னேன். உங்களோடு இருக்கட்டும். யாராவது கேட்டால் எங்கேயோ காதில் விழுந்தது என்று சொல்லுங்கள், நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், எம் பேரு வெளிய வரப்படாது.